விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கடைக் கணக்கை இணையத்தில் உள்ள டேட்டாபேஸில் வைக்க விரும்பும் நண்பர்கள், சாப்ட்வேர் இன்ஜினியரான என்னிடம் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு?" என்பதுதான். "அழிந்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா?" என்று யாரும் கேட்பதில்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவன இன்ஜினியர் ஒருவர், தவறான சர்வரில் கட்டளை கொடுத்து சுமார் 300 ஜிபி டேட்டாவை அழித்துவிட்டார். தினசரி பேக்கப், வெர்ஷன் பொருந்தாததால் முன்பே எடுக்கப்படாமல் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

அமேசான் ஆர்.டி.எஸ். சேவையில் தானியங்கி பேக்கப்பை 35 நாட்கள் வரை வைத்திருக்கலாம். அதற்குள் வேண்டிய நேரத்தின் டேட்டாவைத் திரும்பப் பெறலாம்.

சிறிய கடைக்குக் குறைந்த கட்டணத் திட்டமே போதும். ஆனால், முதல் வாரத்திலேயே பேக்கப்பிலிருந்து ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். டேட்டா வரவில்லையா? எவ்வளவு மலிவானாலும் அந்தச் சேவை வேண்டாம்.