மிஸ்ஸியின் கை பழகியிருக்கிறதா?



கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை உங்களுக்குத் தெரியாததல்ல. வளைவு, பனிமூட்டம், லீவு நாளென்றால் வரிசையாகச் சுற்றுலாக் கார்கள். பிள்ளை பிறந்தபின் தாய்க்கு ரத்தம் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸிக்குப் புத்தகப் படிப்பு மட்டும் போதுமா? கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைக்கவும், தாமதமில்லாமல் ஊசி போடவும், மூச்சுவிடாத சிசுவுக்கு முதல் நிமிஷத்திலேயே காற்று கொடுக்கவும் கை பழகியிருக்க வேணும்.

இதற்காக வந்ததுதான் திறன்வழிப் பயிற்சி. இத்தனை மாதம் வகுப்பில் உட்கார்ந்தாள் என்பதற்காகச் சான்றிதழ் கிடையாது. முதலில் பொம்மையிலும், பிறகு பிரசவ வார்டிலும் ஆசிரியை கண்ணெதிரே செய்துகாட்ட வேணும். தவறினால் மறுபடியும் செய்ய வேணும். பயிற்சியில் குறைந்தது பாதி செய்முறையாக இருக்க வேண்டுமென்று சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பு 2010-இல் தரம் வகுத்தது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பல நாடுகளிலும் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளின் பாடு லேசானதல்ல. ஒருவருக்கு மாணவிகள் கூட்டம். வார்டிலோ மிஸ்ஸிகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட நின்று கற்றுக்கொடுக்க யார்? கிடைக்கிற பிரசவத்துக்கு டாக்டர் படிப்பு மாணவர்களும் காத்திருக்கிறார்கள். கடைசியில் பட்டியலில் சரி அடையாளம் போட்டு அனுப்புவதாக முடிகிறது. (தேயிலை வெட்டுவதைக் கரும்பலகை பார்த்தா கற்றோம்?) பட்டியலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் போடாமல் பட்டியலை மட்டும் கொடுத்ததே தவறு.

நம் நாட்டில் 1957-இல் லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 280 தாய்மார் இறந்தார்கள். 1990-களில் அது 50-க்கும் கீழே இறங்கியது. ரத்தம், மருந்து, ரோடு எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. என்றாலும், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைக் கிராமம் கிராமமாக அனுப்பியது பெரிய காரணம். பரம்பரை பிடான்களையும் ஒதுக்காமல் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்தது.

ஆகவே, பயிற்சி மிஸ்ஸி வந்தால் "புதுசு, வேண்டாம்" என்று விரட்டாதீங்க. "உங்க டீச்சர் எங்கே?" என்று கேளுங்க. கூட யாரும் நிற்கவில்லை என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சங்கமும் இந்த ஆசிரியைகளுக்காகக் குரல் கொடுக்கட்டும்: ஒருவருக்கு எத்தனை மாணவிகள் என்று வரம்பு வேணும், மலைத் தோட்டங்களுக்கு வருகிற மிஸ்ஸிகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது மறுபடியும் செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்க வேணும்.