ஒளியே கருவியாக

1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. அத்தகைய தொழில் வளர்ச்சி, நீரையும் காற்றையும் மாசுபடுத்தாமல் தொடர வேண்டும். அதற்கு ஒளிநொதிகள் வழிகாட்டுகின்றன. பெரும்பாலான நொதிகளுக்கு ஒளி தேவையில்லை. ஒளிநொதிகளோ ஒளியை ஏற்றால் மட்டுமே வினைபுரியும். 2017ஆம் ஆண்டு குளோரெல்லா என்னும் நுண்பாசியில் கண்டறியப்பட்ட நொதி, நீல ஒளியை ஏற்று, கொழுப்பு அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி, எரிபொருளுக்கு உதவும் ஹைட்ரோகார்பனாக மாற்றுகிறது. கடும் வெப்பம் இதற்கு வேண்டா. ஆயினும், மிகுந்த ஒளி அந்நொதியையே சிதைக்கும். கலங்கிய கரைசலின் ஆழத்திற்கு ஒளி எட்டாது. இக்குறைகளைக் களைய வேதியியலும் உயிரியலும் பொறியியலும் கைகோக்க வேண்டும். எனவே, ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் பயிலும் மாணவர்கள் இவற்றை இணைத்தே கற்றல் நன்று. கழிவு உண்டானபின் அகற்றுவதினும், உண்டாகாமல் காப்பதே அறிவுடைமை.