அழித்துவிட்டு விற்காதீர்கள்



வீட்டுக் காரை விற்பது என்று முடிவாகிவிட்டால் வேலைகள் வரிசைகட்டி நிற்கும். வாட்டர் வாஷ், பாலிஷ், ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் தேடி எடுப்பது, ஃபோட்டோ பிடித்து நாலு பேருக்கு அனுப்புவது. இந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். வாங்க வருபவர் கண் முதலில் அங்கேதான் போகும். கார் கன்சல்டிங்கில் கொண்டுபோய் நிறுத்தினால் அதைக் காட்டியே அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். உடனே பக்கத்தில் ஒருவர் யோசனை சொல்வார்: “ஸ்கேனர் போட்டு அழிச்சிடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை.”

அந்த ஐந்து நிமிட வேலையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு முதலில் புகைக்காக வந்தது. வண்டி அளவுக்கு மீறிக் காற்றைக் கெடுக்கிறதா என்பதை வண்டியே கவனித்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி.-2 என்ற பொதுமுறையைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் அது வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு ஒரு குறியீடாக வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையைப் போதிய அளவு சுத்தம் செய்யவில்லை.

குறியீடு வந்துவிட்டதாலேயே எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடாது. பி0420 வந்ததும் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வார்கள். சைலன்சர் குழாயில் ஒரு கசிவோ, ஆக்சிஜன் சென்சாரின் கோளாறோ இருந்தாலும் அதே குறியீடு வரலாம். சிலிண்டர் கோளாறு பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கிலோ இக்னிஷன் காயிலிலோ முடிந்துவிடும். கொஞ்ச நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டி என்றால் பானட்டைத் திறந்து பாருங்கள். எலி கடித்த ஒயர் ஒன்று நம்மூரில் அடிக்கடி அகப்படும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பொசுக்கிவிடும். சில்லறைச் செலவு பெருஞ்செலவாகும்.

சரி, அழித்துவிட்டால் என்ன? முதல் நஷ்டம் உங்களுக்கே. கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கணினி சேர்த்து வைத்திருக்கும். மெக்கானிக்குக் கிடைக்கும் நல்ல தடயம் அது. குறியீட்டோடு அதுவும் போய்விடும். அழித்ததைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் இல்லை. கணினி தன் சோதனைகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்வது முதல் நெடுஞ்சாலை ஓட்டம் வரை பலவகையாக ஓட்ட வேண்டும், சில நாள்கூட ஆகும். அதற்குள் வாங்குபவரின் மெக்கானிக் ஸ்கேனரைப் போட்டால் ‘சோதனை முடியவில்லை’ என்று வரிசையாக வரும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும், இது சமீபத்தில் அழித்த வண்டி என்று கணித்துவிடுவார். விளக்கு எரிந்திருந்தால் ஒரு கோளாறுக்குத்தான் விலை குறைத்திருப்பார். இப்போது உங்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் குறைப்பார்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறுமனே பேசாமல் இருப்பதைப் பொதுவாக மோசடி என்பதில்லை. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பதை அதன் 17ஆம் பிரிவு மோசடிக் கணக்கில்தான் சேர்க்கிறது. புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அது அன்றைய புகையை அளந்த காகிதம், கணினியின் நினைவில் இருப்பதை அது பார்ப்பதில்லை.

ஆகவே, விளம்பரம் கொடுக்கும் முன்பே ஸ்கேன் செய்து, குறியீட்டை அச்செடுத்து வாங்குங்கள். பிளக், காயில், சென்சார், ஒயர் போன்ற வேலை என்றால் முடித்துவிட்டு பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கோளாறு உண்மையிலேயே சரியாகிவிட்டால், தொடர்ந்து சில ஓட்டங்களில் விளக்கு தானாகவே அணையும். கன்வெர்ட்டர், டீசல் இன்ஜெக்டர் என்று பெரிய செலவு வந்தால் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். போட்ட பணம் முழுவதும் விலையில் திரும்பி வருவது கடினம். ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் எழுதி வாங்கி, வருபவரிடம் காட்டி, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். கோளாறு இன்னதென்று உறுதியானால் பேரம் அந்தத் தொகைக்குள் நிற்கும். தெரியாதவரை வாங்குபவர் மனதில் அதற்கு எல்லையே கிடையாது. விற்ற அன்றே 29, 30 ஆகிய படிவங்களிலும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்தையும் கையோடு முடித்துவிடுங்கள்.

நம்மிடம் கார் வாங்குபவர் பல நேரம் அலுவலக நண்பராகவோ, மச்சானுக்குத் தெரிந்தவராகவோ, இரண்டு தெரு தள்ளி இருப்பவராகவோதான் இருப்பார். நாளை கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார நேரும். “சொல்லித்தான் கொடுத்தார்” என்று அவர் நாலு பேரிடம் சொன்னால், அடுத்த வண்டியை விற்பதற்கு உங்களுக்கு புரோக்கரே தேவைப்படாது.

குறையைச் சொல்லி விற்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். பேரம் படிந்த கதையோடு, சொன்னதாலேயே முறிந்துபோன கதையையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இதழில் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்