அணை நிறைந்தால் போதுமா?

நம் வைகை அணையில் 71 அடி தண்ணீர் நிறைந்து நின்றால் மட்டும் நெல் விளைந்துவிடுமா? தண்ணீர் பேரணைக்கு வந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்பி, வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய வேண்டும். மடிக்கணினியும் அப்படித்தான்!

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. கணினியைத் தொட்டே பார்க்காத ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அது வந்தது. பெரிய விஷயம்தான். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குத் தரும் அறிவிப்பு 2025 பட்ஜெட்டில் வந்தது.

கொடுத்தால் மட்டும் போதுமா? தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 10 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். ஆனால், பாடத்தோடு அதைச் சேர்த்து நடத்தவில்லை. அதனால் பிள்ளைகளின் கல்வித்தரம் உயரவில்லை என்று 2023-ல் யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. அணை கட்டினார்கள், வாய்க்கால் வெட்டவில்லை!

அந்த வாய்க்கால் எது? ஆசிரியர் நடத்தும் பாடம்தான். இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்; அது துடிப்பதைக் காட்டத் திரை வேண்டும். வாய்ப்பாடு படிக்கவும் கையெழுத்துப் பழகவும் நோட்டும் பென்சிலும் போதும். எதற்கு எது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

வீட்டில் செல்போனை எடுக்கிறீர்களா? "எதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன்?" என்று நோட்டில் முதலில் ஒரு வரி எழுதுங்கள். விடை கிடைத்ததும் அதையும் எழுதிவிட்டு, போனை வைத்துவிடுங்கள். மதகு உங்கள் கையில்!