பிழை தமிழில் இல்லை

"தமிழில் நிரல் எழுதினா பிழைதானுங்க வருது, ஒத்து வராது" என்றார் எங்கள் கருமத்தம்பட்டிப் பொறியியல் பட்டதாரி ஒருவர். மறுக்கிறேன்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ் நிரல்மொழி. அதன் வரிகளைப் படித்து நிறைவேற்றும் மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது. அதில் நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால். நாம் பேசும் வரிசையேதான்.

பிழை எங்கே? 'கோவை'யின் 'கோ'வில் வரும் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. முதலிலேயே ஒரே வடிவமாக்கிவிட்டால் தீர்ந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சின் தலைக்குறி எழுத்துகளுக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. அதற்காகப் பிரெஞ்சு கணினிக்கு உதவாது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1970களிலேயே பிரான்ஸ் தன் பள்ளிகளில் பிரெஞ்சுச் சொற்களாலான எல்.எஸ்.இ. நிரல்மொழியைக் கற்பித்தது.

ஒருவர் பெயர் இரண்டு பதிவேட்டில் இரண்டு விதமாக இருந்தால் குமாஸ்தா பதிவேட்டைத் திருத்துவார். ஆளை இல்லையென்று சொல்லமாட்டார்.

வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், சரி. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளை ஆங்கிலப் பிழைச்செய்தியைப் பார்த்து, தவறு தன் கணக்கிலா, தனக்குத் தெரியாத ஆங்கிலத்திலா என்று விழிக்கலாமா? முதல் பிழையையாவது அது தமிழில் படிக்கட்டும். மென்பொருளைத் திருத்துங்கள், மொழியைப் பழிக்காதீர்கள்.