வலயக் கோட்டைக் கீறுவது யார்?

சென்ற ஆண்டு ஒரே கிழமையில் இருவர் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். ஒருவர் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் வாழும் வைத்தியர். மாலை வேளைகளில் வீட்டின் முன்னறையில் நோயாளரைப் பார்ப்பவர். வதிவிடமென அனுமதி பெற்ற கட்டடத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்துவதாக அவருக்கு எழுத்தில் அறிவித்தல் வந்துவிட்டது. மற்றவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த கமக்காரர். பதினான்கு பரப்புச் செம்மண் தோட்டமும் ஒரு கிணறும் அவருக்குச் சொந்தம். உறுதி கைவசம் உண்டு. 1990 யூனில் விட்டுவந்த காணிக்குள் இன்னும் அவர் கால் வைக்கவில்லை.

வைத்தியர் கோபத்தோடு வந்தார். நாம் அவரை அமரச் செய்து, அவருடைய ஒழுங்கை எந்த வலயத்தில் அடங்குகிறது, அவ்வலயத்தில் சிகிச்சை நிலையத்துக்கு எந்நிபந்தனையோடு இடமுண்டு, எவரிடம் விண்ணப்பிப்பது, மறுத்தால் எங்கே முறையிடுவது என்பனவற்றை ஏட்டைப் புரட்டிக் காட்டினோம். மூன்று மாதத்தில், வாகனம் நிறுத்த இடம் ஒதுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கமக்காரரோ கோபப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றே: "ஐயா, என்ரை காணியை எந்தச் சட்டத்திலை, எந்தத் திகதியிலை, ஆர் வலயமாக்கினது?" இருபது ஆண்டுக்கு மேலாகச் சட்டத் தொழில் புரியும் நாம், அவருக்கு எடுத்துக்காட்ட ஓர் ஏடும் இன்றி வாளாவிருந்தோம்.

இருவரையும் வாட்டிய சொல் ஒன்றே: வலயம். நகர அமைப்புக் கலையிலே அஃது ஒரு நல்ல சொல். இன்ன இடத்தில் வீடு, இன்ன இடத்தில் கடை, இன்ன இடத்தில் ஆலை என்று வகுப்பதும், பாடசாலை, மருத்துவமனை, எரிபொருள் நிலையம், களியாட்ட மண்டபம் போன்ற சிறப்புப் பயன்பாடுகளை அயலவரைக் கேட்டு, நிபந்தனை விதித்து அனுமதிப்பதும் அதன் பொருள். அமெரிக்காவிலே ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூர் இவ்வாறு தன் நிலத்தை வகுத்தபோது, பெருநிலக் கம்பனி ஒன்று வழக்காடிற்று. 1926 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. பட்டியில் நின்றால் குற்றமில்லாத பன்றி வீட்டுக் கூடத்தில் நின்றால் தொல்லையாகிறது என்ற கருத்தில் நீதியரசர் சதர்லண்ட் எழுதியதைச் சட்ட மாணவர் இன்றும் படிக்கின்றனர். பன்றியை நினைவில் வைத்திருப்போர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. அங்கே கோட்டைக் கீறியது தலைநகரன்று. அவ்வூர் மக்கள் தெரிந்தெடுத்த ஊர்ச்சபையே கீறிற்று.

இலங்கைக்கும் இக்கலை புதிதன்று. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1946 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் ஆகியன அடுத்தடுத்து வந்தன. கடைசியிற் கூறிய சட்டத்தின்படி, அமைச்சர் ஒரு பகுதியை அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கலாம். ஆயினும், அதற்கான திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்டல் வேண்டும். அனுமதியின்றிக் கட்டிய சுவரையும் அதிகாரி தம் எண்ணப்படி இடித்துவிட முடியாது; முதலில் அறிவித்தல், அதன்பின் நீதவானின் கட்டளை. வெள்ளவத்தை வைத்தியருக்குக் கைகொடுத்தது இந்த ஏற்பாடே.

கொழும்பிலே எல்லாருக்கும் இந்த நியாயம் கிடைத்ததென்று நாம் கூறவரவில்லை. 2010 மே மாதத்திலே கொம்பனித்தெருவில், மியூஸ் வீதியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களின் வீடுகள் படையினர் சூழ இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுசெல்லப்பட்ட ஆண்டு அது. நகரைத் திட்டமிடுவோனும் துவக்கேந்துவோனும் ஒரே அமைச்சருக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், வீடிழப்பவன் எந்த மொழி பேசுவோன் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

இனி வடக்கே செல்வோம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூனில் வெளியேறினர். அவர்களுடைய ஊர்களை உள்ளடக்கி உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. அதற்கு வரைபடம் காட்டுவாரில்லை, ஆட்சேபம் கேட்டாருமில்லை. இருபத்துமூன்று ஆண்டு கழிந்து, போரும் முடிந்து நான்காண்டு சென்றபின், 2013 ஏப்பிரலிலே காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் கீழ் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமை கோருவோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அதிற் கண்ட வாசகம். கண்டுபிடிக்க முடியாத அம்மக்கள் சில கல் தொலைவில், சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி முகாம்களிலே அரசாங்கத்தின் கணக்கேட்டிற் பெயர் பதிந்து வாழ்ந்துகொண்டிருந்தனர்! ஆயிரத்துக்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே அவ்வலயத்தினுள் வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அங்கே நீதவானின் கட்டளையை எவர் கேட்டார்?

பாதுகாப்புக்கென மக்களை விலக்கிய நிலத்திலே என்ன பயன்பாடு நிகழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். காங்கேசன்துறைக் கடற்கரையிலே தல்செவன என்ற பெயரில் இராணுவத்தினர் உல்லாச விடுதி நடத்தினர். தோட்டம் செய்தனர், விளைந்த மரக்கறியைச் சந்தைக்கும் அனுப்பினர். எந்த நகர அமைப்பு நூலைப் புரட்டினாலும் விடுதி வணிகப் பயன்பாடு, தோட்டம் விவசாயப் பயன்பாடு. ஆகவே அங்கே மாறியது நிலத்தின் பயன்பாடன்று, பயன்படுத்துவோனே. 2015 முதல் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டமையை நாம் மறைக்கவில்லை. விடுவிப்பும் பிடிப்பைப் போலவே ஒருவரின் விருப்பப்படி நிகழ்ந்தது என்பதே எம் குறை. எந்த ஒழுங்கை முதலில், எந்த ஒழுங்கை பின்னர் என்பதற்கு எழுதிய விதி எதையும் எம் கமக்காரருக்கு எவரும் காட்டவில்லை.

கிழக்கே சம்பூரின் கதை இன்னும் வியப்பானது. 2006 இல் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007 மே மாதம் அவசரகால விதிகளின் கீழ் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012 இல் அதே பகுதியில் ஒரு பெரும் பரப்பு பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயமாயிற்று. மற்றொரு பகுதி இந்தியாவின் துணையோடு அமையவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்னிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதம் 818 ஏக்கர் மீதான கைத்தொழில் வலய அறிவித்தல் இரத்தாயிற்று. 2016 இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள் 120 மெகாவாற் சூரிய மின்னிலையப் பணி சம்பூருக்கென ஆரம்பித்து வைக்கப்பட்டது. வைபவம் நடந்த இடம் கொழும்பு. பாதுகாப்பு, கைத்தொழில், நிலக்கரி, சூரியன் என்று இருபதாண்டுக்குள் ஒரு நிலத்துக்கு நான்கு பெயர். நான்கில் ஒன்றையேனும் சம்பூரின் உழவனோ மீனவனோ சூட்டியதுண்டா?

கொழும்பிலும் ஒருமுறை இப்படி வலயம் அறிவித்துப் பார்த்தார்கள். 2022 செப்ரெம்பர் 23 ஆம் நாள், 1955 ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டத்தைத் துணைக்கழைத்து, பாராளுமன்றம், நீதிமன்றத் தொகுதி முதலிய இடங்களைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயங்கள் பிரகடனமாயின. சட்டத்தரணிகள் சங்கம் எழுந்தது, மனித உரிமைகள் ஆணைக்குழு எழுந்தது, பத்திரிகைகள் கொதித்தன. ஒக்ரோபர் 1 ஆம் நாள் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. எட்டு நாள்! அந்த எதிர்ப்பை நாமும் வரவேற்றோம். ஆனால் தலைநகரில் எட்டு நாள் பொறுக்க முடியாதது, மயிலிட்டியில் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டு எவ்வாறு பொறுக்கத்தக்கதாயிற்று?

வலயம் என்ற சொல் இல்லாமலும் இதே காரியம் நடைபெறலாம். 2025 மார்ச் 28 ஆம் நாள் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54, ஆக 5,941 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறு கூறிற்று. கோராதுவிடின் அரச காணி. உறுதியை எரிந்த வீட்டில் இழந்தவனும், உரித்தாளர் கனடாவிலும் சுவிசிலும் சிதறிப்போனவனும் மூன்று மாதத்தில் என்ன செய்வான்? தவணை முடிவதற்கு முதல் நாள், யூன் 27 அன்று, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் மக்கள் மூச்சுவிட்டனர்.

'அப்படியாயின் காடும் கரையும் தொல்பொருளும் பாதுகாக்கப்பட வேண்டாமா?' என்று கேட்பாருளர். வேண்டும் என்பதே எம் விடை. வலய விதியை நாம் வெறுக்கவில்லை. அது முறையாக இல்லாமையாற் கெட்டவர் நாம். சுன்னாகத்தைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறையினூடாக ஊறும் நிலத்தடி நீரன்றி வேறு ஆறறியாத மண் அது. அங்கே தோட்டக் கிணறுகளின் நடுவே ஒரு தனியார் மின் உற்பத்தி நிறுவனம் இயங்கிற்று. கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. அத்தகைய ஆலையை அங்கே அனுமதிக்கலாமா என்று அயற் கமக்காரரைக் கூட்டி ஒரு மாலை கேட்டிருந்தால், வழக்கே வேண்டியிராது. கிணற்று நீரின் போக்கு கொழும்பில் வரைபடம் வரைவோனுக்குத் தெரியாது. துலா மிதித்தவனின் பேரனுக்குத் தெரியும்.

சட்டமும் இவ்விடயத்தில் முற்றாக எமக்கெதிரானதன்று. 2011 இல், நகரப் பகுதிகளிலும் புனித இடங்கள், பாதுகாக்கப்பட்ட பிரதேசங்கள் என அறிவிக்க மத்திய அமைச்சருக்கு வழிசெய்யும் திருத்த மசோதா வந்தபோது, காணி மாகாண சபைகளையும் சார்ந்த விடயமாகையால் அச்சபைகளுக்கு அனுப்பாது அதனைச் சட்டமாக்க முடியாதென உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, மசோதா கைவிடப்பட்டது. 2013 இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் அரச காணி மத்தியைச் சார்ந்ததென எதிர்த்திசையில் விளக்கம் தந்ததும் உண்மையே. ஆனாற் கிடைத்த பிடியை நாம் பற்றினோமா? எம்மவர் கையில் வட மாகாண சபை இருந்த ஐந்தாண்டில் தீர்மானங்கள் குவிந்தன. இன்ன நிலம் தோட்டத்துக்கு, இன்ன நிலம் மேய்ச்சலுக்கு, இன்ன நிலம் ஆலைக்கு என்று ஒரு வரைபடம் மக்கள் முன் விரிக்கப்பட்டதை நாம் கண்டிலோம். 2018 ஒக்ரோபரிற் சபையின் காலமும் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கழிந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை.

வெள்ளவத்தையில் வாழும் எம் கற்றோருக்கும் ஒரு சொல். கீழ்த்தளத்தை வாகனத் தரிப்பிடமெனக் காட்டி அனுமதி பெற்று, மறுமாதமே கடைக்கு வாடகைக்கு விடுபவர் யார்? அனுமதித்த மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பி, அயலவன் முற்றத்து வெயிலை அடைப்பவர் யார்? மழை பெய்தால் ஒழுங்கை வாய்க்காலாகிறதே என்று புலம்புவோரிற் சிலர், அந்த வாய்க்காலின் மேலேயே மதில் கட்டியவர்கள். விதியைக் கையூட்டால் வளைத்தவன் நாளை விதியின் பெயரால் எழுந்து பேச முடியுமா? அமைச்சின் படிகளில் எம் முகம் கறுத்துப்போவது இதனாலும்தான்.

இப்போது செய்யத்தக்கது ஒன்றுண்டு. 2025 மே 6 இல் நடந்த தேர்தலின் பின் வடகிழக்கெங்கும் பிரதேச சபைகள் மீண்டும் மக்கட் பிரதிநிதிகளின் கையில் உள்ளன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குத் தந்த அதிகாரம் சிறிதே. ஆயினும் ஊரின் நிலப்பயன்பாட்டை அளந்து, வரைந்து, சபையில் ஏற்று, திணைக்களங்களுக்கு அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாளை ஒரு திணைக்களம் கோடு கீற வருமாயின், நீதிமன்றத்தில் வைப்பதற்கு எம் கையிலும் ஒரு படம் இருக்கும். இதற்கு வேண்டிய நில அளவையாளரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறைய உளர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கிழமையை இதற்கு ஒதுக்குவாராக. கமக்காரர் தம் உறுதி, பழைய நில அளவைப் படம், கமநல நிலையப் பதிவு, கிணற்றின் ஆழக் கணக்கு ஆகியவற்றின் பிரதிகளுடன் தத்தம் பிரதேச சபையின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவாராக. உறுதி தொலைந்தவர், எல்லைக் காணிக்காரர் இருவரை உடன் அழைத்து வரலாம். அவர்களுடைய சத்தியக் கடதாசியை நாம் கட்டணமின்றி எழுதித் தருகிறோம்.