பிள்ளை பெறச் சொல்கிறார்கள்... தொட்டில் ஆட்டுவது யார்?



“நாம் இருவர், நமக்கு இருவர்” என்று சிவப்பு முக்கோணம் போட்டுச் சுவரில் எழுதியதை அப்படியே கேட்டு நடந்தவர் என் அம்மா. அக்கா, அப்புறம் நான். அதோடு ஆபரேஷன். எங்களைப் பார்த்துக்கொள்ள ஆயா சித்தாள் வேலையை விட்டாங்க. அதனால்தான் அம்மாவால் பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை போட முடிந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிப்பது அந்தக் கடையால்தான்.

போன வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஆறு மாச லீவு முடிந்ததும், குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அக்கா கிண்டிக்கு ரயில் ஏறியது. ஆயாவுக்கு இப்போது கண் தெரியாது. அம்மாவே இட்லிக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்தாங்க. ‘உனக்குச் சம்மதமா?’ என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை!

அம்மாவுக்கு வயது 48. இன்னும் காலை நாலு மணிக்கு முழிப்பு வந்து சும்மா உட்கார்ந்திருக்காங்க. என் செமஸ்டர் ஃபீசுக்கு அக்காவிடம் கை நீட்டினாங்க. அரசு ஊழியர் ஓய்வு பெற்றால் பணம் வரும். இட்லிக் கடைக்கு ஏது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையுமே என்று, உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பேசினார். கவலை நியாயம்தான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 2017 திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. மூன்றாவது பிள்ளைக்கோ 12 வாரம்தான்! 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அக்கா கம்பெனியில் இருப்பதே 30 பேர். அங்கன்வாடியில் உட்கார வைக்க ரெண்டு வயசாவது ஆகணும். இடைப்பட்ட ஒன்றரை வருஷம் யார் கணக்கு? பாட்டி கணக்கு!

குறைத்துப் பெறு என்றபோது ஆயா வேலையை விட்டாங்க. கூட்டிப் பெறு என்னும்போது அம்மா விட்டாங்க. கைக்குழந்தைகளுக்கும் தெருவுக்குத் தெரு காப்பகம் வைத்துவிட்டு, பிறகு பிள்ளை பெறச் சொல்லட்டும்.

நாளைக்கு நாமும் வேலைக்குப் போவோம், நமக்கும் கல்யாணம் ஆகும். குழந்தையை அம்மா மடியில் போடும் முன், “உன் வேலை என்னம்மா ஆகும்?” என்று ஒரு வார்த்தை கேட்போமா? சிந்திப்போம் நண்பர்களே!